ஒரே யூசரில் ஓர் ஊரே: நெட் சென்டர், ஜெராக்ஸ், டிடிபி கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரத் தோழர்களுக்கும் தோழியருக்கும்,



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மாணவர்கள் முதலில் ஓடி வருவது உங்கள் கடைக்குத்தான். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கல்வி உதவித்தொகை, பட்டா நகல், வில்லங்கச் சான்று, பான் கார்டு என்று எல்லாம் உங்கள் கை வழியாகத்தான் போகின்றன. அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாறியபோது, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத மக்களைக் கைபிடித்து அங்கே அழைத்துப் போனவர்கள் நீங்கள். ஒரு சின்ன அறை, இரண்டு சிஸ்டம், ஒரு பிரின்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். இவ்வளவை வைத்துக்கொண்டு ஊருக்கே சேவை செய்கிறீர்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் இந்த வேண்டுகோளை வைக்கிறேன்: உங்கள் கடை சிஸ்டத்தில் இருக்கும் ஒற்றை யூசர் கணக்கைப் பிரித்துவிடுங்கள். உங்கள் வேலைக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று. இதற்குக் காசு செலவில்லை, புதிதாக எதையும் வாங்க வேண்டியதுமில்லை.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு, பல கடைகளில் பார்க்கக் கிடைக்கும் ஒரு சிஸ்டத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பவர் பட்டனைத் தட்டினால் பாஸ்வேர்ட் கேட்காமல் நேராக டெஸ்க்டாப் வருகிறது. இருப்பது ஒரே கணக்கு. அசெம்பிள் செய்து கொடுத்தவர் வைத்த 'அட்மின்' அல்லது 'பிசி' என்ற பெயரே இன்னும் இருக்கிறது. 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரைத் திறந்தால் யார் யாருடையதோ மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், ரேஷன் கார்டு, வரிசையாக ஆதார் பிடிஎஃப்கள். குரோமைத் திறந்து ஜிமெயில் போனால் காலையில் வந்துபோன ஒரு பெண்ணின் இன்பாக்ஸ் திறக்கிறது. ஏதாவது ஒரு படிவத்தில் மொபைல் எண் கட்டத்தைத் தொட்டால், இதுவரை அங்கே தட்டச்சான எண்களெல்லாம் பட்டியலாகக் கீழே இறங்குகின்றன.

இணையத்திலிருந்து இறக்கும் ஆதார் பிடிஎஃப்புக்குத் திறவுச்சொல் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். அந்தத் திறவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் நீங்களே போட்டுத் திறக்கிறீர்கள். அந்தப் பெயரும் பிறந்த ஆண்டும் பக்கத்திலேயே மதிப்பெண் சான்றிதழில் அச்சாகி இருக்கின்றன. அடுத்து வந்து உட்காரும் யார் வேண்டுமானாலும் ஒரு பென்டிரைவைச் செருகி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகலாம்.

இதில் உங்கள் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விண்டோஸ் போடும்போது முதலில் உருவாகும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் வகையாகவே அமைகிறது. அதிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறோம், அது அப்படியே நிலைத்துவிடுகிறது. இதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. நம் ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் பெருகிய காலத்தில் ஓடியது விண்டோஸ் 98. அதில் லாகின் பெட்டி வந்தால் 'எஸ்கேப்' விசையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடலாம்; அது யாரையும் தடுக்கவில்லை. லாகின் என்பது வெறும் சடங்கு என்ற எண்ணம் அப்போதே நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் 2001-இல் வந்த எக்ஸ்பி முதல் வீட்டுக் கம்ப்யூட்டர்களும் விண்டோஸ் என்டி என்ற வேறு அடித்தளத்துக்கு மாறிவிட்டன. 1993-இல் வெளிவந்த அந்த என்டி, ஒருவரின் கோப்பை இன்னொருவர் தொடக் கூடாது என்பதை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. ஆக, உங்கள் சிஸ்டத்துக்குள் உண்மையான சுவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தயாராக இருக்கின்றன. நாம்தான் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறோம்.

பலர் ஒரே கணக்கில் புழங்கினால் என்ன ஆகும் என்பதைக் கம்ப்யூட்டர் உலகம் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையிலான குழு 1961-இல் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்த முன்னோடி அது. ஆளாளுக்குத் தனிக் கோப்புகள் இருந்ததால் ஆளாளுக்குப் பாஸ்வேர்டும் வந்தது. 1960-களின் நடுவில் ஒரு நாள், லாகின் செய்த ஒவ்வொருவரின் டெர்மினலிலும் வழக்கமான அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் வரிசையாக வந்து விழுந்தன. யாரும் திருடவில்லை. கோப்புகளைத் திருத்தும் எடிட்டர், தற்காலிகக் கோப்பு ஒன்றை எப்போதும் ஒரே பெயரில் உருவாக்கும். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருப்பார் என்ற நம்பிக்கையில் அப்படி எழுதியிருந்தார்கள். பிறகு வசதிக்காக, நிர்வாகிகளின் பொதுக் கணக்கில் பலர் ஒரே நேரத்தில் நுழையலாம் என்று மாற்றினார்கள். ஒருவர் அறிவிப்பையும் இன்னொருவர் பாஸ்வேர்ட் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் கோர்பாட்டோவே இதை விவரித்தார். அவ்வளவு தேர்ந்த கைகளிலும் பொதுக் கணக்கு இந்தப் பாடுபடுத்தியது.

இப்போது உங்கள் விண்டோஸ் ஒரு கணக்கை எப்படி நடத்துகிறது என்று பார்ப்போம். புதிதாக ஒரு கணக்கு உருவாக்கினால், அதற்கு ஒரு நீண்ட அடையாள எண் கிடைக்கிறது. அந்த ஆள் முதன்முறை உள்ளே வரும்போது, 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'டீஃபால்ட்' என்ற மாதிரி ஃபோல்டரை நகலெடுத்து அவருக்கென ஒரு புது ஃபோல்டர் தயாராகிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள் தனித்தனியாக வருகின்றன. அவர் செய்யும் செட்டிங்குகள் அந்த ஃபோல்டரிலேயே ஒரு மறைவான கோப்பில் பதிகின்றன. அவர் லாகின் செய்யும்போது அது ஏற்றப்படுகிறது, வெளியேறும்போது இறக்கப்படுகிறது. குரோம் சேமிக்கும் பாஸ்வேர்டும், எந்தத் தளத்தில் யார் உள்ளே இருக்கிறார் என்ற நினைவும் அதே ஃபோல்டருக்குள்தான். சாதாரண வகைக் கணக்கில் இருப்பவர் அடுத்தவர் ஃபோல்டரைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று விண்டோஸ் நிறுத்தி, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கேட்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருப்பவருக்கோ 'தொடர்க' என்று ஒரே கிளிக்கில் திறந்துவிடும்.

விண்டோஸ் அடையாளம் காண்பது அந்த எண்ணைத்தான், பெயரை அல்ல. கணக்கின் பெயரை 'அட்மின்' என்பதிலிருந்து உங்கள் கடைப் பெயருக்கு மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் பழையபடியே நிற்பது அதனால்தான். ஒரு கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் விண்டோஸுக்கு அவர் புது ஆள். பழையவருடையது எதுவும் அவருக்குக் கிடைக்காது. உங்கள் தொழிலுக்கு இது மிகவும் பயன்படும் குணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கைப் பிரிப்பதால் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் நன்மை என்று நினைக்க வேண்டாம். டிடிபி வேலை நடக்கும் கடையில் ஒருவர் தமிழ் 99-இல் அடிப்பார். இன்னொருவர் பழைய டைப்ரைட்டர் முறையில் பழகியவர். மூன்றாமவர் ஆங்கில எழுத்தொலியை வைத்து அடிப்பார். மூவரும் ஒரே கணக்கில் உட்கார்ந்தால் நாள் முழுக்க விசைப்பலகையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விசைப்பலகைத் தேர்வு ஒவ்வொரு கணக்குக்கும் தனி. ஆளுக்கொரு கணக்கு இருந்தால் அவரவர் வரும்போது அவரவர் விசைப்பலகை காத்திருக்கும். எந்த பிரின்டர் முதன்மை என்பதும் அப்படித்தான். இன்விடேஷன் டிசைன் செய்பவருக்குக் கலர் பிரின்டர், விண்ணப்பம் எடுப்பவருக்குக் கறுப்பு வெள்ளை லேசர். கலரில் தவறி விழுந்து வீணாகும் தாள்கள் குறையும். ஃபான்ட் விஷயத்தில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: ஒருவர் கணக்கில் சாதாரணமாகப் போட்ட ஃபான்ட் இன்னொருவர் கணக்கில் தெரியாமல் போகலாம். ஃபான்ட் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'எல்லா யூசர்களுக்கும்' என்று இருக்கும் வழியில் போடுங்கள்.

பென்டிரைவையும் நினைத்துப் பாருங்கள். எந்தெந்த சிஸ்டத்திலோ செருகியது எல்லாம் உங்கள் கடைக்கு வருகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் வைரஸ் ஓடத் தொடங்கினால் மெஷின் முழுவதையும் அது பிடித்துக்கொள்ள வழி கிடைக்கிறது. சாதாரணக் கணக்கில் ஓடினால் பெரும்பாலும் அந்த ஒரு ஃபோல்டருக்குள் அடைபட்டுவிடும். அந்தக் கணக்குக்குள் அது கேடு செய்யாது என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் மாதக்கணக்கில் சேர்த்த டிசைன்கள் வேறு கணக்கில் சுவருக்கு அப்பால் தப்பிக்கும்.

சரி, எப்படிச் செய்வது? பழைய கணக்கில் இருக்கும் ஃபைல்களை எல்லாம் இடம் மாற்ற வேண்டுமோ என்று பலரும் மலைத்துப் போகிறார்கள். வேண்டியதில்லை. செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் 'ஓனர்' என்று புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். அதை அட்மினிஸ்ட்ரேட்டர் வகையாக்கி, நல்ல பாஸ்வேர்ட் போடுங்கள். அந்த பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வீட்டில் பூட்டி வையுங்கள், ஏனென்றால் இனி மெஷினின் சாவி அதுதான். பிறகு ஓனர் கணக்குக்குள் நுழைந்து, இவ்வளவு நாள் புழங்கிய பழைய கணக்கைச் சாதாரண வகைக்கு இறக்கி, அதற்கும் ஒரு பாஸ்வேர்ட் போடுங்கள். உங்கள் டெஸ்க்டாப், டிசைன், செட்டிங் எல்லாம் அப்படியே இருக்கும். அதிகாரம் மட்டும் இடம் மாறியிருக்கும். இனி புது மென்பொருள் போட வேண்டி வந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் ஓனர் பாஸ்வேர்டை அடித்தால் போதும். வேலைக்கு ஆள் இருந்தால் அவருக்கும் தனியாக ஒரு சாதாரணக் கணக்கு கொடுங்கள்.

மூன்றாவது, 'கஸ்டமர்' என்று ஒரு சாதாரணக் கணக்கு. 'கெஸ்ட்' என்று பெயர் வைக்க விண்டோஸ் விடாது. வாடிக்கையாளரின் மெயில், அவரது விண்ணப்ப லாகின், அவரது வாட்ஸ்அப் வெப், அவரது ஆதார் என எதைத் திறப்பதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் மட்டும் திறக்க வேண்டும். தட்டச்சு செய்வது நீங்களாக இருந்தாலும் இதே விதிதான். ஒருவர் போனதும் அவர் திறந்ததிலிருந்து வெளியேறி, டவுன்லோட்ஸைக் காலி செய்யுங்கள். ராத்திரி கடை சாத்தும்போது ஓனர் கணக்கிலிருந்து 'கஸ்டமர்' கணக்கை அதன் ஃபைல்களோடு நீக்கிவிட்டு, அதே பெயரில் மறுபடி உருவாக்குங்கள். முன்பு சொன்னேனே, பெயர் ஒன்றானாலும் விண்டோஸுக்கு அது புது ஆள். அன்றைக்குச் சேர்ந்த டவுன்லோடு, லாகின், பட்டியலில் இறங்கும் மொபைல் எண்கள் எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். விண்டோஸ் ப்ரோ வைத்திருந்தால், வெளியேறியதும் கணக்கு தானே அழியும்படி பொதுப் பயன்பாட்டுக்கென்றே ஒரு முறை இருக்கிறது. சர்வீஸ் ஆளிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் பழைய மெஷினில் லினக்ஸ் மின்ட் போடப் போகிறீர்கள் என்றால், அதன் லாகின் செட்டிங்கில் கெஸ்ட் அமர்வை இயக்கிவிட்டாலே போதும். வாடிக்கையாளர் வெளியேறிய நொடியில் அவருடைய தற்காலிக ஃபோல்டர் அழிந்துவிடும்.

"நாங்கள் இன்காக்னிட்டோவில்தான் திறக்கிறோம்" என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் இன்காக்னிட்டோ மறப்பது பிரவுசர் நினைவுகளை மட்டும்தான். அதில் இறக்கிய பிடிஎஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். ஸ்கேன் செய்ததும் கிடக்கும். குரோமுக்குள்ளே ஆளுக்கொரு ப்ரொஃபைல் வைத்துக்கொள்வதும் போதாது; விண்டோஸ் கணக்கு ஒன்றாக இருக்கும்வரை ஒரு கிளிக்கில் அடுத்தவர் ப்ரொஃபைலுக்குத் தாவிவிடலாம்.

கடை மெஷினில் உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு லாகின் செய்திருந்தால் இன்றே ஒன்றைப் பாருங்கள். ஒன்டிரைவ் பேக்கப் இயங்கிக்கொண்டிருந்தால் டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் வைக்கும் ஒவ்வொன்றும் இணையத்தில் உள்ள உங்கள் கணக்குக்கு ஏறிக்கொண்டிருக்கும். அதாவது, பிரின்ட் எடுக்க வந்தவரின் சொத்துப் பத்திரம் உங்கள் வீட்டு லேப்டாப்பிலும் மொபைலிலும் வந்து உட்கார்ந்திருக்கும். அவரும் அறியார், நீங்களும் அறியீர்கள். அந்த பேக்கப்பை நிறுத்துங்கள். முடிந்தால் கடை மெஷினை அந்த மெஷினோடு நிற்கும் கணக்குக்கே மாற்றிவிடுங்கள்.

கூட்ட நேரத்தில் கணக்கு மாற்ற ஏது நேரம் என்று கேட்பீர்கள். விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். அங்கிருந்து அடுத்த கணக்குக்குப் போகலாம். உங்கள் வேலை பின்னால் திறந்தபடியே இருக்கும். ரேம் குறைவான மெஷினில் மட்டும், வேலை முடிந்த கணக்கிலிருந்து முழுவதும் வெளியேறிவிடுங்கள். பழைய பேஜ்மேக்கர் அட்மினிஸ்ட்ரேட்டர் கேட்கிறது என்றால், அந்த மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் எழுத அனுமதி கொடுத்துப் பாருங்கள். ஒரு மென்பொருளுக்காக மெஷின் முழுவதையும் திறந்து வைக்க வேண்டாம்.

"வருகிறவர்கள் எல்லாம் தெரிந்த முகம்தானே" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. உள்ளூர்க்காரருக்குத்தான் உள்ளூர்க்காரரின் விவரம் அதிகம் பயன்படும். எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது, யார் நிலத்தில் வில்லங்கம், யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்பதெல்லாம் பக்கத்துத் தெருவில்தான் பேச்சாகும். நாளை ஏதாவது தவறு நடந்தால், ஒரே கணக்கில் இயங்கும் கடையில் எல்லோர் மேலும் சந்தேகம் விழும், முதலில் உங்கள் மேல். தனித்தனிக் கணக்குகள் இருந்தால், எந்தக் கணக்கு எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்பது விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4624 என்ற எண்ணோடு பதிவாகியிருக்கும். அது உங்களுக்குச் சாட்சி.

2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளின்படி, வந்தவர் யார், எப்போது வந்தார் என்ற பதிவேட்டையும் இணையப் பயன்பாட்டின் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அந்த விதிக்குள் வரும் கடைகள் அதை ஒழுங்காகச் செய்யுங்கள். தினமும் கணக்கை அழிக்கும் முன் அந்தப் பதிவுகளைத் தனியே எடுத்து, ஓனர் கணக்கில் வையுங்கள். அடையாளச் சான்றின் நகலைத் தவிர, வாடிக்கையாளரின் மற்ற ஆவணங்களையும் மெயில் பாஸ்வேர்டையும் அந்த விதி கேட்கவில்லை.

இன்னும் ஒன்று மனத்தை உறுத்துகிறது. மெயில் ஐடி இல்லாமல் வருபவருக்கு நீங்களே உருவாக்கித் தருகிறீர்கள். அவசரத்தில் சில கடைகளில் கடை மொபைல் எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்டும் வைத்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த மாணவி வேறு ஊரிலிருந்து உள்ளே போக முயலும்போது ஓடிபி உங்கள் மொபைலுக்கு வருகிறது. சீட் உறுதி செய்ய அன்றே கடைசி நாளாக இருந்தால் அவள் என்ன செய்வாள்? லாகின் என்பது அவளுடைய பெயரில் உள்ள சொத்து. அவள் வீட்டு எண்ணையே கொடுங்கள். பாஸ்வேர்டை அவளையே தேர்ந்தெடுத்து அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கத் தெரியாவிட்டால் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அதை அவள் நோட்டில் எழுதிக்கொடுங்கள். கடை நோட்டில் எழுத வேண்டாம்.

முடிதிருத்தும் கடைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஒரே சவரக்கத்தி எல்லோர் கன்னத்திலும் போய்வந்தது. இன்று ஆளுக்கொரு புது பிளேடு. நம் கண் முன்னே உறையைப் பிரித்து மாட்டுகிறார்கள். மாட்டாவிட்டால் நாமே கேட்கிறோம். ஒரு தொழில் தன்னைத்தானே திருத்திக்கொண்டு வாடிக்கையாளருக்கும் அதைப் பழக்கியது. உங்கள் தொழிலாலும் அது முடியும்.

ஆகவே, இன்று ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஓனர் கணக்கை உருவாக்குங்கள், பழைய கணக்கைச் சாதாரணமாக்குங்கள், கஸ்டமர் கணக்கைத் தொடங்குங்கள், டவுன்லோட்ஸில் கிடக்கும் அடுத்தவர் ஆவணங்களை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து அழித்துவிடுங்கள். நாளைக் காலை கவுன்டரில் ஒரு தாளை ஒட்டுங்கள்: "வேலைக்குத் தரும் உங்கள் ஆவணங்களை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. வேலை முடிந்ததும் உங்கள் முன்னாலேயே அழிக்கிறோம்." அந்த இரண்டு வரியை எழுதி, எழுதியபடி நடக்கும் கடையைத் தேடி, நாலு கடை தாண்டியும் மக்கள் வருவார்கள். தன் வாழ்க்கையின் எல்லாக் காகிதங்களையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவருக்கு, கேட்காமலே நீங்கள் செய்ய வேண்டிய கடமையும் அதுதான்.

அன்புடன்,
உங்களைப் போன்ற கடைகளுக்கு சிஸ்டம் சர்வீஸ் பார்க்கும் ஒரு தோழன்